உப்பளத்துக்கு ஒரு பதிவேடு

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சோத்பி ஏலத்தில் ஒரு திருமங்கையாழ்வாரை வாங்கியது. 16ஆம் நூற்றாண்டு வெண்கலம். பகிரங்கமாக நடந்த ஏலம் என்பதால் ஐம்பது ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்க வைத்தது ஒரு புகைப்படம். அதே ஆழ்வார் 1957இல் கும்பகோணத்துக்கு அருகே, சுந்தரப்பெருமாள்கோயிலில் உள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததை அந்தப் படம் காட்டியது. படம் இருந்த இடம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகம். ஆய்வாளர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னார். 2019 டிசம்பரில் அருங்காட்சியகமே லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தந்தது. 2024 மார்ச் 11 அன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் சிலையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

நம் நாளிதழ்கள் இதைச் சிலை மீட்புச் செய்தியாக எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் இதில் என் கவனம் போவது படத்தோடு கூடவே இருந்த குறிப்பின் மேல். இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன ஆண்டு என்று ஒருவர் எழுதி, எண் போட்டு, எடுத்தால் கிடைக்கும்படி அடுக்கியிருக்கிறார். எழுதிய நாளில் அந்தக் குறிப்பால் யாருக்கும் காலணா பயன் கிடையாது. சிலை களவு போகும் என்று நினைத்து யாரும் படமெடுக்கவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்று தன் சேகரிப்பிலிருந்து ஒரு பொருளை விட்டுக்கொடுக்க அந்தக் குறிப்பு போதுமானதாக இருந்தது. ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் பெருந்தொகை கொடுத்து வாங்கியிருந்த ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஊர் திரும்பியதற்கும் இதே காப்பகத்தின் படம்தான் சான்றாக நின்றது.

அந்தக் காப்பகத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் மரக்காணம். சாலையை ஒட்டி, சுமார் 3,000 ஏக்கரில் உப்பளம். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துத் தமிழ்நாட்டில் பேசப்படுவது இந்த உப்பளம்தான். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி வெள்ளைக் குவியல்களைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அப்படி எடுத்த லட்சக்கணக்கான படங்கள் கைப்பேசிகளில் இருக்கும். ஊர், ஆண்டு, பாத்தி, வேலை, ஆள் என்று குறித்து வைத்த படம் எத்தனை இருக்கும்?

பழமைக்கு இந்தக் கரையில் குறைச்சல் இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். இடைக்கழிநாடு இன்றும் மரக்காணத்துக்கு வடக்கே ஒரு பேரூராட்சி. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் திண்டிவனத்தின் பகுதியாக ஆகிவிட்டது. பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன; உப்பளமும் அதன் வருவாயும் அவற்றில் வருகின்றன. சற்று வடக்கே ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. சென்னைக்கு உப்பும் விறகும் போன பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடமும் இந்தக் கரைதான்.

இவ்வளவும் எங்கோ ஓரிடத்தில் பதிவாகியிருக்கிறது. கல்வெட்டுகளை அரசின் கல்வெட்டுத் துறை படியெடுத்தது. தமிழ்க் கல்வெட்டுப் படிகள் ஊட்டிக்குப் போய், 1966இல் மைசூருக்குப் போய், அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது. அது தனிக் கதை. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அன்றிலிருந்து 1947இல் உப்பு வரி நீங்கும்வரை எவ்வளவு விளைந்தது, எவ்வளவு வரி, யார் திருடினார் என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்ட ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாடியவர் புலவர், வெட்டியவர் அரசர், எழுதியவர் வரி வாங்கியவர். பாத்தியில் இறங்கி நின்றவர் கையிலிருந்து வந்த பதிவு என்று எடுத்துக்காட்ட நமக்கு அநேகமாக ஒன்றும் இல்லை.

அவருக்குத் தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. கடல் தண்ணீரைப் பாத்தியில் நிறுத்திக் காயவிட்டால் உப்பு வந்துவிடும் என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். தண்ணீரைக் காயவிட்டால் முதலில் வருவது சுண்ணாம்புச் சத்து, அடுத்து ஜிப்சம். உப்புச் செறிவை அளக்கும் போமே அளவில் 25 பாகை நெருங்கும்போதுதான் நாம் சாப்பிடுகிற உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், நமத்துப்போகும். ஆகவே ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு எப்போது மடை திறப்பது, மிச்சத் தண்ணீரை எப்போது வடிப்பது என்பதில்தான் விளைச்சலே இருக்கிறது. அளக்கக் கருவி உண்டு. கருவி வருவதற்கு முன்னும் உப்பு விளைந்தது. தண்ணீரின் நிறம் மாறுவதும், காலில் படும் வழுவழுப்பும், மேலே கட்டும் ஆடையும் பார்த்து முடிவெடுத்தவர்கள் உண்டு. பருவம் தொடங்கும்போது களிமண் தளத்தைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தளம் இறுகவில்லையென்றால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்பில் மண் ஏறிவிடும். நீளக் கழியில் கட்டிய வாருபலகையால் உப்பை இழுக்கும்போது தளம் கீறக் கூடாது. வாரிய உப்பைத் தலைச்சுமையாக வரப்பேற்றிக் குவிப்பது பெரும்பாலும் பெண்கள். மழைக்கு முன் குவியலின் மேல் கீற்று வேய்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

உப்புத் தொழிலின் சொற்கள் கரைக்குக் கரை வேறு. தூத்துக்குடியின் பேச்சையும் வெயிலையும் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ பிடித்து வைத்தது. வேதாரண்யப் பக்கத்து வாழ்க்கைக்குச் சு.தமிழ்ச்செல்வியின் ‘அளம்’ இருக்கிறது. நாவல்கள் செய்த இந்த வேலையைப் பல்கலைக்கழகங்கள் செய்யவில்லை என்பது நமக்குப் பெருமையா என்று தெரியவில்லை. எப்படியும் நாவலாசிரியர் தன் கதைக்கு வேண்டியதைத்தான் எடுப்பார். காப்பகத்துக்கு வேண்டியதை எடுக்க அவர் கடமைப்பட்டவர் அல்லர்.

யார் செய்ய வேண்டும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். மரக்காணத்துக்குத் தெற்கே, இதே சாலையில், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அதன் நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர். 1736 முதல் 1761 வரை கப்பல் வந்தது, துணி விலை போனது, யார் யாரோடு சண்டை என்று விடாமல் எழுதிய துபாஷி அவர். தமிழ்ப் புலம் பாரதி பெயரில் இருக்கிறது. பெயர் வைப்பதில் நாம் என்றும் குறை வைப்பதில்லை.

சேகரிப்பின் அருமை தெரியாத பல்கலைக்கழகம் என்றும் அதைச் சொல்ல முடியாது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அதன் வரலாற்றுத் துறை 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு செய்தது. ஈமக் குழி ஒன்றில், நாலு கால் ஜாடியில், சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதைப் பத்திரமாக எடுத்து, மாதிரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பொ.ஆ.மு. 490 என்று காலக் கணிப்பு வந்தது. அதே குழியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கியும் இருந்ததால், தமிழ் எழுத்தின் வயது குறித்த விவாதமே அதன் பிறகு வேறு திசையில் திரும்பியது. தங்கமோ சிலையோ அல்ல, நெல். சங்கப் பாடல்களில் உமணப் பெண்கள் உப்பைக் கொடுத்து வாங்கும் அதே நெல். 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய நெல்லை இவ்வளவு பதனமாக எடுத்த துறைக்குத் தன் வாசலுக்கு வடக்கே இன்று விளையும் உப்பைப் பதிவு செய்வது எட்டாத காரியம் இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் சேகரிப்பு என்பது ஒரு பேராசிரியரின் சொந்த உழைப்பாக வளரும். அவர் திட்ட நிதி வாங்குவார், மாணவர்களைக் கூட்டிப்போவார், பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அறையில் அடுக்குவார். அவர் ஓய்வு பெற்றதும் அறைச்சாவி அடுத்தவர் கைக்கு வரும்; அடுத்தவரின் ஆர்வம் வேறு. பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆசிரியர் பணியிடத்துக்குப் போராடுகிறோம்; காப்பாளர் பணியிடத்துக்குப் போராடிய சங்கம் எது? கொடுமணல் என்ற ஒரே அகழாய்வு இடத்தை முதலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது, பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தோண்டியது, பிறகு மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளும் தோண்டின. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்க முடிந்தால் அதற்கு எத்தனையோ ஆய்வேடுகள் ஈடாகாது.

சேகரிப்பு என்றால் கட்டடம் என்று நினைப்பது இன்னொரு வியாதி. அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டு, பூட்டு. மரக்காணத்துக்குப் பன்னாட்டுப் பறவைகள் மையம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள கழுவேலிக் கழி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைக்கு வந்த நாளும் போன நாளும் குறிக்கப்படும். நல்லது. அதே கழியின் தண்ணீரை நம்பி நிற்கும் ஆளுக்கும் ஒரு வரி எழுத இடம் இருக்கட்டும்.

உப்பளத்தில் பொருளைச் சேகரிப்பதில் வேடிக்கையான சிக்கல் ஒன்று உண்டு: உப்பு எதையும் மிச்சம் வைக்காது. இரும்பை அரிக்கும். மரத்தை நார் நாராகப் பிரிக்கும். சுடுமண்ணுக்குள் கரைந்து ஏறி, காயும்போது உள்ளேயே மணியாகி, மேல்தோலை உரித்துத் தள்ளும். கடற்கரைக் கோயில்களில் கல்வெட்டு எழுத்து பொரிந்து உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அகழாய்வில் கிடைக்கும் பானை ஓட்டைக்கூட நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பு இறங்கிய பிறகே அலமாரியில் வைப்பார்கள். பழைய வாருபலகை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் அதைக் காப்பது எளிதல்ல. இந்தக் கரையில் காப்பாற்றக் கூடியது பொருளைவிடப் பேச்சும் அளவும் படமும் காகிதமும்தான். வாருபலகையின் நீளம் என்ன, எந்த மரம், யார் செய்தது, ஒரு பருவத்துக்கு எத்தனை தேயும்? ஏற்றம் இறைத்த பாத்தியில் இன்ஜின் வந்தது எந்த ஆண்டு? இவற்றை எழுதிவிட்டால் பலகை போனாலும் போகட்டும்.

காகிதம் என்றதும் ரோஜா முத்தையாதான் நினைவுக்கு வருகிறார். கோட்டையூர்க்காரர்; விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், கடை விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக 1994இல் தொடங்கியது. குப்பை என்று எடைக்குப் போட்டிருக்கக்கூடிய நோட்டீஸைக் கொண்டுதான் இன்று தமிழ் நாடக, சினிமா வரலாறு எழுதுகிறார்கள். உப்பளத்தின் நோட்டீஸ் எது? குத்தகைப் பத்திரம், கூலி நோட்டு, முன்பணக் கணக்கு, கூட்டுறவுச் சங்க ரசீது, லாரிச் சீட்டு. வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கும் இவற்றுக்கு ஒரு புயல் போதும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது, 2011 டிசம்பரில் தானே புயல் வந்தது, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து மயிலத்தில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் என்னென்ன காகிதம் கரைந்தது என்று எந்த நிவாரணக் கணக்கிலும் வராது.

பிரான்ஸில் கெராந்த் உப்பளக் கரையில், பாட்ஸ்-சுர்-மேர் என்ற சிற்றூரில், 1887இலேயே உப்புத் தொழிலாளர்களுக்கென்று அருங்காட்சியகம் வைத்துவிட்டார்கள். அவர்கள் உடுத்தியது, வீட்டுச் சாமான், பாத்திக் கருவி எல்லாம் அங்கே உண்டு. கெராந்த் உப்பு இன்று உலகச் சந்தையில் நம் உப்பின் பல மடங்கு விலைக்குப் போவதற்கு அந்தக் கரையின் கதை தெரிந்திருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதே பிரான்ஸின் நிறுவனம் புதுச்சேரியில் இருந்துகொண்டு நம் சைவச் சுவடிகளைக் குருக்கள் வீடு வீடாகத் தேடிச் சேர்த்தது. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஆகமம் அவர்கள் தேடி வந்த பொருள். அதை ஒழுங்காகச் செய்தார்கள். உப்பைத் தேடி அவர்கள் வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்ள நமக்கு முகம் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு எதிர்ப்பேச்சு உண்டு; அதைத் தட்டிக் கழிக்க முடியாது. கண் கூசும் வெயிலில் நிற்கிறவருக்குக் கண்ணாடி இல்லை, நிழல் இல்லை, பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை, மழைக்காலத்தில் வேலை இல்லை; அரசு அந்த மாதங்களுக்குத் தரும் உதவித்தொகை 5,000 ரூபாய். அவரிடம் போய் உங்கள் வாருபலகை பாரம்பரியச் சின்னம் என்று சொன்னால் சிரிப்பார். சிரிப்பதோடு விட்டால் நம் அதிர்ஷ்டம். வறுமையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போடும் அருங்காட்சியகம் வேண்டவே வேண்டாம்.

ஆனால் பதிவு என்பது அலங்காரத்துக்கு மட்டுமல்ல, வழக்குக்கும் உதவும். ஆழ்வார் விஷயத்தில் நடந்தது அதுதானே. சாலை நாலு வழியாகிறது. உப்பளத்தை ஒட்டி மனைப்பிரிவுகள் வருகின்றன. நாளைக்கு ஒரு பாத்தி கைமாறினால், முப்பது வருஷம் இதில் நான் வேலை செய்தேன் என்று ஒரு பெண் எதைக் காட்டி நிரூபிப்பார்? நிலப் பதிவேட்டில் அவர் பெயர் இராது. குத்தகைக்காரரின் கணக்கில் தலைக்கட்டு எண்ணிக்கைதான் இருக்கும். தேதி போட்ட ஒரு படமும், ஒலிப்பதிவும், கூலி நோட்டின் நகலும் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு இருந்தால் அதை நலவாரியமும் கேட்கும், நீதிமன்றமும் கேட்கும். கண் பாதிப்பும் காலில் வெடிப்பும் தொழில்நோய் என்று வாதாடவும், எத்தனை வயதில் பாத்தியில் இறங்கினார், எந்த ஆண்டு பார்வை மங்கியது என்று நூறு பேரின் வாக்குமூலம் வரிசையாக இருந்தால் போதும்.

அப்படியென்றால் சேகரிப்பு பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருக்கக் கூடாது. பேசியவருக்கு அவர் பேச்சின் நகல் கைக்கு வர வேண்டும். மரக்காணம் பேரூராட்சியிலோ ஊர் நூலகத்திலோ முழுத் தொகுப்பின் இரண்டாம் படி இருக்க வேண்டும். எதை வெளியில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று கொடுத்தவர் தமிழில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பணக் கணக்கில் கொடுத்தவர் பெயரும் இருக்கும், வாங்கியவர் பெயரும் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மூடி வைக்க வேண்டியவையும் வரும். இதையெல்லாம் பார்க்க ஒரு காப்பாளர் வேண்டும், நிரந்தரச் சம்பளத்தில். கட்டடம் வேண்டாம்; நூலகத்தில் ஈரம் ஏறாத ஒரு அறை போதும்.

காலம் ஒன்றுதான் இடிக்கிறது. தையில் தொடங்கிப் புரட்டாசி வரை பாத்தியில் இருப்பவரிடம் வரப்பில் நின்றுகொண்டு பேட்டி கேட்பது அநியாயம். அவர் உட்கார்ந்து பேசக்கூடிய நேரம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வேலை இல்லாத மாதம் என்பதால் பேசும் நாளுக்கு ஒரு நாள் கூலி தருவதும் அப்போதுதான் பொருளுள்ளதாக இருக்கும். பல்கலைக்கழகத்துக்கோ அவை பருவத் தேர்வும் விடுமுறையும் வரும் மாதங்கள். மாணவர் களப்பணியை வழக்கம்போலக் கோடையில் போடாமல் அந்த மாதங்களுக்கு நகர்த்த ஒரு கல்விக் குழுக் கூட்டத்தின் தீர்மானம் போதும்.